விலை உயர்ந்த ஷேவிங் கிரீம் வாங்கியும் சவரம் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடுவோம்

லண்டனின் டேலர் ஆஃப் ஓல்டு பாண்டு ஸ்ட்ரீட் கம்பெனியின் சந்தன வாசனை ஷேவிங் கிரீமை முதன்முதலில் நான் திறந்தது கோவையில், மாமா வீட்டில். புளியங்கொட்டை அளவு எடுத்து ஈரப் பிரஷ்ஷில் தடவிக் கிண்ணத்தில் சுற்றினேன். ஒரு நிமிடத்தில் கெட்டித் தயிர் மாதிரி நுரை திரண்டுவிட்டது. அடுத்த வாரம் ஊருக்கு வெளியே இருக்கும் என் வீட்டில் அதே டப்பா, அதே பிரஷ், அதே கை. வந்ததோ பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒன்று. கிரீம் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கம்பெனி கிரீம் வாங்கினேன். அதுவும் அப்படியே. இரண்டாவது டப்பா பாதி தீர்ந்த பிறகுதான் உறைத்தது: மாமா வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி, என் வீட்டில் போர் தண்ணீர்.

ஆசைப்பட்டு வாங்கிய டப்பாவை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. கிரீமை மாற்றினால் தீரும் குறைகள் கொஞ்சம்தான். தண்ணீர், அளவு, கை இவற்றைச் சரிசெய்தால் தீருவது ஏராளம். உங்கள் குறை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு காசு செலவழியுங்கள். ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கிரீமையும் பிளேடையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலைந்து சவரமாவது கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: தண்ணீர்ச் சோதனை

மூடியுள்ள இரண்டு சின்ன பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாத்ரூம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ. இரண்டிலும் பாதி அளவு ஊற்றி, பட்டாணி அளவு ஷேவிங் கிரீம் போட்டு, ஒரே மாதிரிக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை நிற்கும். குழாய்த் தண்ணீரில் நுரை சீக்கிரம் அமுங்கி, கீழே பால் போல் கலங்கி, மேலே திரிதிரியாக ஏதாவது மிதந்தால் உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர்.

பிரஷ்ஷால் நுரைக்கும் ஷேவிங் கிரீம் என்பது அடிப்படையில் ஒரு சோப்புதான். ஸ்டியரிக் அமிலமும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து உண்டாகும் மென்மையான சோப்பு. அதோடு நிறையத் தண்ணீர், கிளிசரின், வாசனை. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் அவை இந்தச் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும். பக்கெட் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கும் அதே தாதுக்களின் வேலைதான். அவை தங்கள் பங்கைத் தின்ற பிறகு மிச்சமுள்ள சோப்புதான் நுரைக்க முடியும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. குலுக்கிப் பார்க்கும் பாட்டில் அதைவிட நேர்மையானது.

கடினத் தண்ணீர்தான் என்றால் சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்து வையுங்கள். பிரஷ்ஷை அதில்தான் நனைக்க வேண்டும், நுரைக்கும்போது சேர்ப்பதும் அதுதான். ஒரு சவரத்துக்கு 200 மில்லி தாராளம். அது முடியாதென்றால் கிரீமை ஒன்றரை மடங்காக்குங்கள். லண்டன் குழாய்த் தண்ணீரே சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிற கடினத் தண்ணீர்தான். அங்குள்ளவர்களும் அதில்தான் சவரம் செய்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள பொருள் பட்டியலில் டெட்ராசோடியம் இடிடிஏ மாதிரி கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உப்புத் தண்ணீர் வீட்டுக்குக் கொஞ்சம் உதவும்.

நுரை நிறைய வருகிறது, ஆனால் பெரிய பெரிய குமிழி

காற்று அதிகம், சோப்பு குறைவு. பிரஷ்ஷில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டு முறை நன்றாக உதறுங்கள். கிண்ணத்தில் முதலில் கிரீமும் பிரஷ்ஷின் ஈரமும் மட்டும். பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்வரை அரை நிமிடம் சுற்றுங்கள். அப்புறம் விரலைத் தண்ணீரில் தொட்டுச் சில சொட்டு. மறுபடி சுற்று. மறுபடி சில சொட்டு. தோசை மாவைக் கரைப்பது போலத்தான் இது, கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடலாம், நீர்த்துப்போனால் திரும்ப எடுக்க முடியாது.

எப்போது நிறுத்துவது? நுரையின் மேல் ஒரு பளபளப்பு வரும். பிரஷ்ஷைத் தூக்கினால் முனை லேசாக மடிந்து நிற்கும். இரண்டு விரலில் தேய்த்தால் வழுக்கும். பளபளப்பு இல்லாமல் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் இன்னும் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். உப்பிய நுரை பார்க்க அழகு. பிளேடுக்கு வேண்டியது வழுக்கல்.

முகத்திலேயே காய்ந்துவிடுகிறது

ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை மாவு பூசியது போல் ஆகிறதா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அறைக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். அடுத்தது, நுரையில் தண்ணீர் குறைவு. முகத்தில் பூசிய பிறகும் பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு இன்னொரு சுற்று சுற்றுங்கள். இரண்டும் செய்தும் காய்ந்தால் இங்கே கிரீமின் பங்கு உண்டு. பொருள் பட்டியல் எடையில் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுதப்படும். கிளிசரின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இருக்கும் கிரீமைத் தேடுங்கள். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நுரை அருமை, பிளேடு இழுக்கிறது

இதற்குக் கிரீம் மாற்றி நான் ஒருமுறைகூடப் பலன் பார்த்ததில்லை. தாடி முடி காய்ந்திருக்கும்போது முரடு. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறினால் அது மென்மையாகிவிடும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்யுங்கள், இல்லை வெந்நீர்த் துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வையுங்கள். பூசிய நுரை ஒரு நிமிடமாவது முகத்தில் இருக்கட்டும். பிளேடை எண்ணிப் பாருங்கள், இரட்டை முனை பிளேடு ஐந்தாறு சவரத்தைத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடலாம். சேஃப்டி ரேசர் சுமார் 30 டிகிரி கோணத்தில் தன் எடையிலேயே இறங்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் ரேசரிலிருந்து வந்தவர்கள் அழுத்திப் பழகிய கையோடு வருகிறார்கள். அந்தப் பழக்கம் போக ஒரு மாதம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

எரிச்சல்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

சவரம் செய்யாத ஒரு நாளில் நுரை மட்டும் அடித்து ஒரு கன்னத்தில் பூசி மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளேடைத் தொடாதீர்கள். அந்தக் கன்னம் சிவந்தால், அரித்தால், காந்தினால் கிரீம்தான் காரணம். ஒன்றும் ஆகவில்லையா? பெரும்பாலும் பிளேடும் கையும்தான். ஒவ்வாமை உடனே காட்டாமல் ஓரிரண்டு நாள் கழித்தும் வரலாம் என்பதால், முழங்கை மடிப்பில் தொடர்ந்து சில நாள் பூசிக் கழுவிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. முகம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ கிரீமை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பிளேடுதான் என்று உறுதிசெய்ய நம் சலூன் வழியே இருக்கிறது: படிகாரம். சவரம் முடித்து முகத்தைக் கழுவி, ஈரப் படிகாரக் கட்டியை மெல்லத் தேயுங்கள். சுருக்கென்று எங்கே குத்துகிறதோ அங்கேதான் தோலைச் சுரண்டியிருக்கிறீர்கள். எனக்கு எப்போதும் தாடைக்குக் கீழே இடது பக்கம். வலது கை அங்கே வளைந்து போகும்போது கோணம் மாறிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இடத்தில் சின்னச் சின்ன இழுப்பாகச் செய்கிறேன், எரிச்சல் போய்விட்டது.

சரி, கிரீம்தான் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் முதலில் வாசனையைச் சந்தேகப்படுங்கள். உயர்தரக் கிரீம்களின் பெருமையே வாசனைதான், அதுவே சிலருடைய தோலுக்கு ஆகாது. ஐரோப்பாவில் 2005 முதல், ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களில் ஏதாவது, கழுவிவிடும் பொருள்களில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயரைப் பெட்டியில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. பின்னர் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. லிமோனீன், லினலூல், ஜெரானியால், சிட்ரல், கூமரின் என்று பட்டியலின் கடைசியில் வருவதெல்லாம் அவைதான். எலுமிச்சை வாசனைக் கிரீமில் லிமோனீனும் சிட்ரலும், ரோஜாவில் ஜெரானியாலும், லாவண்டரில் லினலூலும் இருப்பது இயல்பு. உங்களுக்கு ஆகாத இரண்டு கிரீம்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வருகிற பெயர்தான் முதல் சந்தேக ஆசாமி.

இப்படிப்பட்டவர்களுக்குக் கிரீமை மாற்றுவது உண்மையிலேயே மருந்து. டேலர் கம்பெனியில் ஜெர்மின் ஸ்ட்ரீட் என்ற வகையையும், லண்டனின் இன்னொரு கம்பெனியான ட்ரூஃபிட் அண்டு ஹில்லில் அல்டிமேட் கம்ஃபர்ட் என்ற வகையையும் மென்மையான தோலுக்கென்றே விற்கிறார்கள். இத்தாலியின் புரொராசோவில் கிரீன் டீயும் ஓட்ஸும் சேர்ந்த வெள்ளை டியூப் அதே நோக்கத்துக்கானது, விலையும் லண்டன் டப்பாக்களைவிடக் குறைவு. எரிச்சல்காரர்களை நான் முதலில் அனுப்புவது அங்கேதான்.

புரொராசோவின் பச்சை டியூப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் யூகலிப்டஸும் மெந்தாலும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அது தரும் குளிர்ச்சி சொர்க்கம், மறுக்க மாட்டேன். ஆனால் மெந்தால் தோலை உண்மையில் குளிர வைப்பதில்லை, குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. பிளேடு சுரண்டிய வலியை அந்தக் குளிர்ச்சி மூடிவிடும். அரை மணி நேரம் கழித்துத்தான் கழுத்து எரியும். அதனால் காரணம் தேடும் காலத்தில் மெந்தால் கிரீமைத் தள்ளி வையுங்கள். கை திருந்திய பிறகு ஆசை தீரப் பூசிக்கொள்ளலாம்.

கழுத்தில் பொரிப்பொரியாக வருகிறது

சவரம் செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வருகிற சின்னச் சின்னக் கட்டிகள் பெரும்பாலும் முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்வதால் வருபவை. சுருட்டை முடிக்காரர்களுக்கு அதிகம். எவ்வளவு விலையுயர்ந்த கிரீமானாலும் இதைத் தீர்க்காது. முடி வளரும் திசையிலேயே மட்டும் மழியுங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள், தோலை இழுத்துப் பிடித்து மழிக்காதீர்கள். மோசமாக இருந்தால் மூன்று நான்கு வாரம் சவரத்தையே விட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து முகம் இறுகி இழுக்கிறது

நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5 பக்கம். சோப்பு நுரை 9, 10 பக்கம். எந்தக் கிரீமானாலும் இந்த வித்தியாசம் உண்டு. அதோடு கடினத் தண்ணீரில் கழுவினால் அந்தச் சோப்புக் கசடு தோலில் படலமாக நின்றுவிடும். போர் தண்ணீர்க்காரர்கள் கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்துபாருங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். முகம் முழுக்கக் காய்வதற்கு முன் சாதாரண மாய்ஸ்சரைசர் கொஞ்சம். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவை இரண்டு வாரம் நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் இழுத்தால் லானோலின், ஷியா வெண்ணெய், பாதாம் எண்ணெய் மாதிரி கொழுப்பு கூடுதலாகச் சேர்த்த கிரீமுக்குப் போகலாம். எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு அவை கனமாகத் தெரியும், அதனால் வறண்ட தோல்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கிரீம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது

கணக்குப் போடுங்கள். டேலர் டப்பா 150 கிராம். ஒரு சவரத்துக்கு ஒரு கிராம் என்றால் 150 சவரம், வாரம் ஐந்து நாள் செய்தால் 30 வாரம். இரண்டு மாதத்தில் தீர்ந்தால் பிரஷ் குடிக்கிறது என்று அர்த்தம். பேட்ஜர் என்ற விலங்கின் மயிரில் செய்த அடர்த்தியான பிரஷ் நுரையை அடிமயிரிலேயே வைத்துக்கொள்ளும். சிந்தெடிக் பிரஷ் குறைந்த கிரீமில் நுரைக்கும், சீக்கிரம் காயும், நம் ஊர் ஈரக்காற்றில் நாற்றம் பிடிக்காது. பன்றி மயிர் பிரஷ்ஷைச் சில நிமிடம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், பழகிப் பதமாகச் சில வாரம் எடுக்கும். விலங்கு மயிர் வேண்டாம் என்கிறவர்களுக்கும் சிந்தெடிக்கே வழி. அப்படிப்பட்டவர்கள் சோப்புக் கட்டி வாங்கும்போது பட்டியலில் டாலோவேட் என்று முடிகிற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது விலங்குக் கொழுப்பு. கிரீம்களில் வரும் ஸ்டியரிக் அமிலம் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பெட்டியில் வீகன் என்று எழுதியிருந்தால் சந்தேகம் இல்லை.

குறையெல்லாம் தீர்ந்தது, இப்போது எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு வந்துவிட்டீர்கள் என்றால் சந்தோஷம். பிரஷ் சவரக்காரர்கள் மூன்று டி (ஆங்கில T) என்று சொல்வது 1805-இல் தொடங்கிய ட்ரூஃபிட் அண்டு ஹில், 1854-இல் தொடங்கிய டேலர், 1875-இல் தொடங்கிய டிரம்பர். மூன்றும் லண்டனில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. டேலர் பெயரில்தான் ஓல்டு பாண்டு ஸ்ட்ரீட், கடை இருப்பது ஜெர்மின் ஸ்ட்ரீட்டில். அதே வட்டாரத்தில் 1790-இல் தொடங்கிய டி.ஆர். ஹாரிஸும் உண்டு. நுரைக்கும் திறனில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசத்தை என் கை உணரவில்லை. நல்ல தண்ணீரும் சரியான அளவும் இருந்தால் நான்கும் உங்களைக் கைவிடாது. அப்புறம் தேர்வு மூக்கின் வேலை. சந்தனம் காலையில் நிதானமாக இருக்கும். டிரம்பரின் வயலட் முதல் மோப்பத்தில் பவுடர் டப்பா மாதிரி இருந்து போகப்போகப் பிடித்துவிடும். டேலரின் லாவண்டர் ராத்திரிச் சவரத்துக்கு நன்றாக இருக்கிறது. புதியவருக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் டேலர் சொல்வேன், தண்ணீர் முன்னே பின்னே ஆனாலும் மன்னித்துவிடும். அதுவும் டப்பா வேண்டாம். 75 மில்லி டியூப் வருகிறது, முதலில் அது போதும்.

டப்பாவில் தண்ணீர் பிரிகிறது, வாசனை மாறுகிறது

ஈரப் பிரஷ்ஷை நேராக டப்பாவுக்குள் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரஷ்ஷின் தண்ணீரும் பழைய நுரையும் முடித்துணுக்கும் உள்ளே போனால், கிரீமிலுள்ள பதப்படுத்தும் பொருள் எவ்வளவு நாள்தான் தாங்கும்? காய்ந்த விரலாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ எடுங்கள். டப்பா அடியில் திறந்த மூடி படமும் 12எம் மாதிரி எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் நன்றாக இருக்கும் என்று அதற்குப் பொருள், திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலும் வெயில் விழும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். மேலே லேசாகத் தண்ணீர் தேங்கியிருந்து வாசனை மாறாமல் இருந்தால் வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். புளித்த வாடையோ கறும்புள்ளியோ இருந்தால், என்ன விலை கொடுத்திருந்தாலும், முகத்துக்கு வேண்டாம்.